கோட்டை காக்காத விசுவாசம்

2002இன் போர்நிறுத்தக் காலத்தில் உயிலங்குளம் சோதனைச்சாவடியில் காத்துநின்றபோதெல்லாம் ஒரு கேள்வி என்னுள் எழும்: விசுவாசத்தைக் காப்பது இறைவனா, அரசா?

1544இல் மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற ஏறத்தாழ 600 பேரைச் சங்கிலி மன்னன் கொல்வித்தான். அவர்களிடம் படையில்லை. சவேரியாரோ போர்த்துக்கேயப் படையெடுப்பை வேண்டினார். யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டிய போர்த்துக்கேயக் கப்பலின் சரக்கு மன்னனிடம் அகப்படவே, அம்முயற்சி கைவிடப்பட்டது. மறைசாட்சிகளின் குருதியைவிடச் சரக்கே கனத்தது.

1560இல் அதே போர்த்துக்கேயர் மன்னாரில் கோட்டை கட்டினர். 1658இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனர். அப்போது மாந்தையிலிருந்து மாதாவின் திருவுருவத்தைச் சுமந்து மடுக் காட்டுக்குள் புகுந்த எளியோரே விசுவாசத்தைக் காத்தனர். 2008இல், போரின் நடுவே, அத்திருவுருவம் மீண்டும் இடம்பெயர்ந்தது, மீண்டும் திரும்பியது.

இறையாட்சிக்கு எந்தக் கொடியும் காவலன்று. இம்மண் எனக்குக் கற்பித்தது இதுவே.