புத்தக அட்டையும் கொட்டகை வாசலும்

டோபி காட் என்றால் இன்றைக்கு எம்ஆர்டி நிலையம்தான் உங்களுக்கு நினைவு வரும். முன்னொரு காலத்தில் அங்கே ஓடைக்கரையில் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்தார்கள். பெயரே அதைத்தான் சொல்லுது. அந்த இடத்தில்தான் 1939 அக்டோபர் 3ஆம் தேதி கேத்தே படமாளிகை திறந்தது. ஆயிரத்து முந்நூறு பேர் உட்காரலாம், உள்ளே குளிர்சாதனம். பின்னால் எழும்பிய பதினாறு மாடிக் கட்டடம்தான் அன்றைய சிங்கப்பூரிலேயே உயரமானது. கட்டியவர் லோக் வான் தோ. அவருடைய தந்தையார் லோக் இயூ ஈயத்திலும் ரப்பரிலும் பொருள் சேர்த்த பெருந்தனக்காரர். ஆகவே நம் முன்னோர் மழையிலும் பனியிலும் பால் மரம் சீவிய காசும் அந்தச் சுவரில் கொஞ்சம் கலந்திருக்கும் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

முதல் நாள் ஓடிய படமே ஒரு நாவல்தான். மேசன் என்ற ஆங்கிலேயர் 1902இல் எழுதிய ‘ஃபோர் ஃபெதர்ஸ்’. ஆனால் வந்த கூட்டத்தில் எத்தனை பேர் அந்த நாவலைப் படித்திருப்பார்கள்? வாசலில் ஆள் உயரத்துக்கும் மேலே கையால் வரைந்து நிறுத்திய விளம்பரத் தட்டிதான் பலருக்குப் புத்தகம்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். புத்தகத்து அட்டை, கையில் எடுத்துப் புரட்டப் போகிறவனுக்கு. அது கொஞ்சம் மறைத்தாலும் பரவாயில்லை. விளம்பரத் தட்டி அப்படியல்ல. பஸ்ஸில் போகிறவன் கண்ணில் ஒரு நொடியில் பட வேண்டும். ஒரு முகம், ஒரு பயம், ஒரு வாள், அவ்வளவுதான் இடம். அந்த ஒரு நொடிக்காகக் கதையிலே யார் முன்னே வருகிறார், யார் பின்னே போகிறார் என்பதே மாறிப் போகிறது. மாயாஜாலக் கதைகளில் இது இன்னும் அதிகம்.

நம் தமிழ்ப் படத்திலேயே பாருங்கள். ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ கதையைப் புத்தகத்தில் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும், அதில் உண்மையான வீரர் மர்ஜானா என்ற அடிமைப் பெண். திருடன் கதவில் சுண்ணாம்புக் குறி போட்டால் தெருவிலுள்ள மற்றக் கதவுகளிலும் அதே குறியைப் போட்டு ஏமாற்றியவள் அவள். ஜாடிக்குள் ஒளிந்திருந்த முப்பத்தேழு பேரையும் கொதிக்கிற எண்ணெயால் முடித்தவள் அவள். கடைசியில் நடனமாடிக்கொண்டே தலைவனைக் குத்தியதும் அவளேதான். அலிபாபா? விறகுவெட்டி. ஒரு மந்திரச் சொல்லை ஒட்டுக்கேட்டதுதான் அவன் செய்த பெரிய காரியம்! இந்தக் கதை பழைய அரபுச் சுவடிகளில் கிடையாது என்பதும் அறிய வேண்டியது. அலெப்போ ஊர்க்காரர் ஹன்னா தியாப் 1709இல் பாரிசில் வாயால் சொன்னதைக் கேட்டுத்தான் கலாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி வைத்தார். வாய்க்கதை புத்தகமாகி, பிறகுதான் படமானது.

1941இல் தமிழில் எடுத்தபோது கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அலிபாபா, ஆகவே அது சிரிப்புப் படம். 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தபோது எம்.ஜி.ஆர். அலிபாபா, பானுமதி மர்ஜியானா. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. விறகுவெட்டி கையில் இப்போது வாள் வந்துவிட்டது. படம் நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்லவில்லை. ஆனாலும் வீட்டிலே ஒரு பெண் பிள்ளை இருந்தால் புத்தகத்தையும் கையில் கொடுங்கள். அவள் கெட்டிக்காரத்தனம் முழுசாக இருப்பது அங்கேதான்.

மறுபடி டோபி காட்டுக்கு வருவோம். 1957 ஏப்ரலில் கேத்தேயில் ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப் படம் வந்தது. இயக்கியவர் பி.என்.ராவ், கேரளத்தில் பிறந்தவர். நம் தமிழ்நாட்டில் 1939இல் ‘ரம்பையின் காதல்’, 1945இல் ‘சாலிவாஹனன்’ எடுத்த அதே ராவ்தான்! தேவலோகப் பெண்ணைப் படமாக்கியவர் இங்கே வந்து ரத்தம் குடிக்கும் பெண்ணைப் படமாக்கினார்.

அந்தப் படத்துக்கு மூலம் புத்தகம் இல்லை, பாட்டிமார் சொன்ன கதை. பிரசவத்தில் செத்த பெண் பொந்தியானாக்காக வருவாள், பிடரியில் ஆணி அடித்தால் சாதாரணப் பெண்ணாகி அடங்குவாள் என்பது கம்பத்து நம்பிக்கை. மருத்துவச்சியும் ஆஸ்பத்திரியும் எட்டாத காலத்தில் பிரசவம் என்றால் என்ன பயம் என்று தோட்டத்துப் பாட்டிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பயம்தான் கதையின் உயிர். படம் அதை மாற்றிவிட்டது. மரியா மெனாடோ நடித்த சோமெல் ஒரு கூனி, அவலட்சணமானவள். மந்திர மருந்து குடித்து அழகியாகிறாள். ரத்தம் ருசிக்கக் கூடாது என்பது நிபந்தனை. புருஷனைப் பாம்பு கடித்தபோது விஷத்தை உறிஞ்சி எடுக்கிறாள், ரத்தம் நாக்கில் படுகிறது, முடிந்தது. பிரசவத் துயரம் போய் அழகின் விலை வந்துவிட்டது. கூனி ஒரு பக்கம், அழகி ஒரு பக்கம் என்றால் தட்டியில் வரைய எவ்வளவு வசதி! ஆனாலும் புருஷனைக் காப்பாற்றப் போய்ப் பேயானாள் என்ற அந்த ஒரு கட்டம் பாட்டி கதைக்குக் குறைந்ததல்ல என்பது என் எண்ணம். ஏறத்தாழ இரண்டு மாதம் ஓடியது.

இப்போது அந்தப் படத்தைப் பார்க்கலாமென்றால் முடியாது. சுருள் தொலைந்துவிட்டது. அதே ஆண்டு வந்த இரண்டாம் பாகமும் போய்விட்டது. 1958இல் வந்த ‘சும்பா பொந்தியானாக்’ மட்டும் தப்பியது. கேத்தே கெரிஸ் எடுத்த மலாய்ப் படங்களில் மிஞ்சிய 91 படங்களை 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் சேர்த்தார்கள். தொலைந்த படத்தைப் பற்றி அறிய விளம்பரமும் பத்திரிகைத் துண்டும் பார்த்தவர்கள் ஞாபகமும்தான் வழி. கேத்தே கட்டடத்திலும் 2003இல் தேசியச் சின்னமாக அறிவித்தது முகப்பை மட்டும்தான். பின்னால் இருந்ததை இடித்துப் புதிதாகக் கட்டி 2006இல் திறந்தார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். முன்பெல்லாம் கொட்டகையில் பாட்டுப் புத்தகம் விற்பார்களே, அட்டையில் நட்சத்திரப் படம், உள்ளே கதைச் சுருக்கம், பாதியில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டிருக்கும். படத்திலிருந்து பிறந்த புத்தகம் அது. சில சமயம் தோட்டத்தில் திரை கட்டுமுன் அதைத்தான் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில், அரிசிப் பானைக்குக் கீழே மடித்து வைத்த காகிதத்தில், அப்படி ஒன்று கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். பிள்ளைகளிடம் கொடுத்து, எந்தப் படம், எந்த ஊரில், யாரோடு போய்ப் பார்த்தீர்கள் என்று பின்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.