அறுவைச் சிகிச்சைக்குப் பின் குமட்டலும் வாந்தியும்: யாருக்கு ஏற்படும், ஏன்?

அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் 10 பேரில் ஏறத்தாழ 3 பேருக்கு, முதல் 24 மணி நேரத்திற்குள் குமட்டலோ வாந்தியோ ஏற்படுகிறது. பெரும்பாலும் இது ஓரிரு நாளில் நீங்கிவிடும். எனினும் வாந்தி தொடர்ந்தால் உடலில் நீர்ச்சத்து குறையும். தையல் போட்ட இடத்தில் அழுத்தம் கூடும். வீடு திரும்புவது தள்ளிப்போகும். யாருக்கு இது ஏற்படக்கூடும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம், தடுக்கவும் முயலலாம். அதற்குத் தேவையான தகவல்களில் பல உங்களிடமே உள்ளன.

ஏன் ஏற்படுகிறது?

மூளைத் தண்டுப் பகுதியில் வாந்தியைக் கட்டுப்படுத்தும் நரம்பு மையம் உள்ளது. மயக்க மருந்துகள், வலிநிவாரணிகள், குடலிலிருந்தும் உட்காதிலிருந்தும் வரும் நரம்புத் தூண்டல்கள் ஆகியவை அம்மையத்தைத் தூண்டுகின்றன. தூண்டல் ஒன்றே ஆயினும், அதற்கு உடல் காட்டும் எதிர்வினை ஆளுக்கு ஆள் வேறுபடும்.

முக்கியமான நான்கு காரணிகள்

• பெண்ணாக இருத்தல்
• புகைப்பழக்கம் இல்லாதிருத்தல்
• முந்தைய அறுவைச் சிகிச்சைக்குப் பின் வாந்தி ஏற்பட்டிருத்தல், அல்லது பேருந்து, கார் பயணத்தில் வாந்தி வரும் இயல்பு
• சிகிச்சைக்குப் பின் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணிகள் தேவைப்படுதல்

இவற்றில் ஒன்றும் இல்லாத பெரியவர்களில் 100 பேரில் சுமார் 10 பேருக்கே இத்தொல்லை வருகிறது. ஒரு காரணி இருந்தால் 20 பேருக்கும், இரண்டு இருந்தால் 40 பேருக்கும், மூன்று இருந்தால் 60 பேருக்கும், நான்கும் இருந்தால் 80 பேருக்கும் வரக்கூடும்.

புகைபிடிப்போருக்கு வாந்தி குறைவு என்பதால் புகைப்பழக்கம் நன்மை தரும் என எண்ண வேண்டாம். அது நுரையீரல் சிக்கல்களை அதிகரித்து, காயம் ஆறுவதையும் தாமதப்படுத்தும்.

பிற காரணிகள்

50 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல். சுவாசத்தின் வழியே செலுத்தப்படும் மயக்க மருந்துகள், நீண்ட நேர அறுவைச் சிகிச்சை, லேப்ராஸ்கோபி முறை, பித்தப்பை மற்றும் மகளிர் நோயியல் சார்ந்த அறுவைச் சிகிச்சைகள் ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. குழந்தைகளில் 3 வயதுக்கு மேற்பட்டோருக்கும், மாறுகண் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோருக்கும் கூடுதல் கவனம் தேவை.

மரபணுக்களின் பங்கு

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இத்தொல்லை இருந்திருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்புண்டு. செரோடோனின், டோபமைன் போன்ற வேதிப்பொருள்களை ஏற்கும் நரம்பு ஏற்பிகளின் மரபணு வேறுபாடுகளை ஆய்வாளர்கள் இதனுடன் தொடர்புபடுத்துகின்றனர்.

மருந்து வேலை செய்யும் விதத்திலும் மரபணுவுக்குப் பங்குண்டு. வாந்தித் தடுப்பு மருந்தான ஆன்டான்செட்ரானைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளுள் ஒன்று சிஒய்பி2டி6. சிலருக்கு இந்நொதி மரபு வழியாகவே மிகை வேகத்தில் செயல்படும். அவர்களிடம் மருந்து விரைவில் சிதைந்து, போதிய பலன் தராமல் போகலாம். அத்தகையோருக்குக் கிரானிசெட்ரான் போன்ற மாற்று மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுக்கலாம். இதற்கான மரபணுப் பரிசோதனை அனைவருக்கும் வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. ஆகவே, முன்பு எந்த மருந்து பலனளிக்கவில்லை என்ற உங்கள் அனுபவம் மிகவும் பயனுள்ளது.

நீங்கள் செய்ய வேண்டியவை

“ஆபரேஷன் என்றால் வாந்தி வரத்தான் செய்யும்” என்று எண்ணிப் பலர் இதைக் கூறாமல் விட்டுவிடுகின்றனர். அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்கவியல் மருத்துவரைச் சந்திக்கும்போது பின்வருவனவற்றைத் தவறாமல் தெரிவியுங்கள்:

• முந்தைய சிகிச்சைகளின்போது உங்களுக்கோ குடும்பத்தினருக்கோ ஏற்பட்ட வாந்தி
• பயணத்தின்போது வரும் வாந்தி
• நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளும்

இதைக் கொண்டு மருத்துவர் மயக்கமூட்டும் முறையை மாற்றலாம். ஓபியாய்டு அளவைக் குறைக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட தடுப்பு மருந்துகளைச் சேர்த்து அளிக்கலாம். பழைய மருத்துவமனைச் சீட்டு இருந்தால் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

எப்போது உடனே உதவி நாட வேண்டும்?

வீடு திரும்பிய பின் நீர்கூட வயிற்றில் தங்காதபோதும், வாந்தியில் இரத்தம் தென்பட்டாலும், கடும் வயிற்றுவலி, வயிற்று உப்புசம் இருந்தாலும், சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் பரிந்துரைக்காத வாந்தி மாத்திரைகளை நீங்களாகவே உட்கொள்ள வேண்டாம்.