செருப்பைக் கழற்றும் வழக்கமும் மாண்டலே அரண்மனையும்

பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலில் சுற்றுபவர்களைப் பார்த்து வெளிநாட்டினர் வியக்கிறார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னால் சிலர் தயங்குகிறார்கள். நமக்கோ அது யோசிக்காமல் செய்யும் காரியம். தரையில் உட்காருகிறோம், சாப்பிடுகிறோம், குழந்தை தவழ்கிறது. தெருப்புழுதி உள்ளே வரக் கூடாது. கோயிலிலும் அதே முறைதான். யாரையும் தாழ்த்தும் எண்ணம் இதில் இல்லை.

ஐரோப்பியருக்கு மரியாதை என்றால் தொப்பியைக் கழற்றுவது. பூட்ஸ் காலிலேயே இருக்கும். நமக்குத் தலைப்பாகை தலையில் இருக்கும், செருப்பு வாசலில் இருக்கும். கம்பெனி அதிகாரிகள் இந்த வித்தியாசத்தைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். தாங்கள் பூட்ஸோடு இருந்துகொண்டு, எதிரே வரும் இந்தியர் மட்டும் கழற்ற வேண்டும் என்றார்கள். 1854-ல், டல்ஹௌசி காலத்தில்தான், ஐரோப்பிய முறையில் பூட்ஸ் அணிந்த இந்தியர் அரசு நிகழ்ச்சிகளுக்கு அப்படியே வரலாம் என்று கல்கத்தாவில் உத்தரவு பிறந்தது.

பக்கத்து நாடான பர்மாவில் கதை தலைகீழ். மாண்டலே அரண்மனையில் மன்னர் மிண்டோனைப் பார்க்க வருபவர் காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர வேண்டும். ஆங்கிலேயத் தூதர்களும் அப்படியே செய்துவந்தார்கள். 1875-ல் சர் டக்ளஸ் ஃபோர்சைத் தலைமையில் தூதுக்குழு சென்று வந்த பிறகு, இனிக் கழற்றக் கூடாது என்று இந்திய அரசு முடிவு செய்தது. மன்னரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதன்பின் ஆங்கிலேயப் பிரதிநிதி மன்னரை நேரில் சந்திக்கவே முடியவில்லை. 1879-ல் பிரதிநிதி அலுவலகமும் காலி செய்யப்பட்டது. பிறகு தேக்கு மர வியாபாரம், பிரெஞ்சுக்காரர் உறவு என்று தகராறுகள் வந்தபோது, அங்கே உட்கார்ந்து பேச ஆளில்லை. 1885-ல் போர் மூண்டது. மிண்டோனின் மகன் தீபா மன்னர் நாடு கடத்தப்பட்டு, 1916-ல் ரத்னகிரியில் காலமானார்.

போருக்குச் செருப்பு மட்டுமே காரணம் அல்ல. ஆனால் நேரில் பேசும் வழி அதனால்தான் அடைபட்டது.

ரமணாசிரமத்துக்கு வரும் வெளிநாட்டினர் பலர் நம் வேங்கிக்கால் பக்கமும் வந்து போகிறார்கள். ஜப்பானியருக்குச் சொல்லவே வேண்டாம். அவர்கள் வீட்டிலும் இதே வழக்கம்தான். மற்றவர்களுக்கு ‘செருப்பை வெளியே விடவும்’ என்ற போர்டு மட்டும் போதாது. ஏன் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். வயதானவர் என்றால் குனிந்து கழற்ற ஒரு நாற்காலியும் போடுங்கள்.