மிதியும் மீட்சியும்: கழிக் கடைசல் பொறியின் நெடுவாழ்வு குறித்து

தொழில்நுட்ப வரலாற்று நூல்கள் மரக்கடைசல் பொறிக்கு ஒரு வழக்கமான வரிசையைத் தருகின்றன. முதலில் ஒருவர் கயிற்றை இழுக்க இன்னொருவர் கடையும் பொறி, அடுத்து வில், அடுத்து வளையும் கழி, அதன்பின் மிதியும் சக்கரமும், முடிவில் நீராவியும் மின்சாரமும். பின்னது ஒவ்வொன்றும் முன்னதன் குறையைத் தீர்க்க வந்ததாகச் சொல்லப்படும். முதல் மூன்றுக்கும் பொதுவான குறை என்று காட்டப்படுவது ஒன்றே. மரம் ஒரு திசையில் சில சுற்றுகள் சுழன்று, பிறகு எதிர்த்திசையில் திரும்புகிறது. உளி வெட்டுவது ஒரு திசையில்தான். ஆகவே பாதி நேரம் வீண் என்பது கணக்கு.

இரண்டு செய்திகள் இந்த வரிசைக்குள் அடங்க மறுக்கின்றன. மிதியால் இயங்கி, வளைதண்டும் பாரச்சக்கரமும் கொண்டு ஒரே திசையில் சுழலும் கடைசல் பொறியை லியோனார்டோ டா வின்சி 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வரைந்துவைத்தார். இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் பகுதியில் பக்கிள்பரி பொதுவெளியை அடுத்து வாழ்ந்த ஜார்ஜ் லெய்லி (1869–1958) அதற்கு ஏறத்தாழ நாலரை நூற்றாண்டு கழித்தும் கழிப் பொறியிலேயே கிண்ணம் கடைந்து அதை விற்றுப் பிழைத்தார். ‘மேலான’ வடிவம் கையெட்டும் தூரத்தில் இருக்க, ‘தாழ்ந்த’ வடிவம் இத்தனை காலம் பிழைத்தது எப்படி? பழமைப்பற்று, வறுமை, அறியாமை என்று பதில் சொல்வது எளிது. ஆனால் அப்படிச் சொல்பவர்கள் பொறியைப் பார்ப்பதேயில்லை. இருதிசைப் பொறி குறைவளர்ச்சியுற்ற சக்கரப் பொறி என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. மனிதக் கால், பச்சை மரம், நகரும் பணியிடம் ஆகிய மூன்றும் சேருமிடத்தில் அதுவே பொருத்தமான பொறி. அதன் நெடுவாழ்வுக்குக் காரணம் அந்தப் பொருத்தம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பொறியின் கட்டமைப்பிலிருந்து தொடங்குவோம். இரண்டு நீளச் சட்டங்கள் நடுவே இடைவெளி விட்டு, இணையாக, கால்கள்மேல் கிடக்கும். அந்த இடைவெளியில் இரண்டு குட்டைக் கட்டைகள் செங்குத்தாக இறங்கி, கீழே ஆப்பு அடித்து இறுக்கப்பட்டிருக்கும். ஒன்று நிலையானது, மற்றதைக் கடையவிருக்கும் மரத்தின் நீளத்துக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம். இரண்டிலும் ஒன்றையொன்று நோக்கிய இரும்புக் கூர்முனைகள் உண்டு. மரம் இந்த இரு முனைகளுக்கிடையே மாட்டப்படும். முனை பதியும் குழியில் கொஞ்சம் கொழுப்புத் தடவுவார்கள். தலைக்குமேல் ஒரு நீண்ட இளங்கழி அடிப்பக்கம் கட்டப்பட்டு, நுனி தளர்ந்து நிற்கும். நுனியிலிருந்து இறங்கும் கயிறு மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக் கீழே மிதிகட்டைக்குப் போகிறது. மிதித்தால் மரம் கடைபவரை நோக்கிச் சுழலும். அப்போது உளி வெட்டும். காலைத் தளர்த்தினால் கழி நிமிர்ந்து கயிற்றை மேலே இழுக்கும், மரம் திரும்பும், அந்த நேரத்துக்கு உளி மயிரிழை பின்வாங்கும். தயிர் மத்தைக் கயிற்றால் இழுத்துக் கடைவதும் இதே இயக்கம்தான். அங்கே இரண்டாவது கை செய்வதை இங்கே கழி செய்கிறது. பிரான்சின் 13ஆம் நூற்றாண்டு விவிலிய ஓவியச் சுவடி ஒன்றில் கழிப் பொறியின் படம் இருக்கிறது. அதைப் பார்த்து இன்று ஒரு பொறி செய்துவிடலாம். வடிவம் அந்த அளவுக்கு மாறாமல் நின்றிருக்கிறது.

இனி ‘பாதி வீண்’ என்ற கணக்கைச் சோதிக்கலாம். நாள் முழுதும் உழைக்கும் ஒரு மனிதரின் உடல் தரக்கூடிய ஆற்றல் தோராயமாக 75 வாட் என்று பொறியியலில் கொள்வது வழக்கம். பொறி எதுவாயினும் முதல் அதுதான். மிதியும் சக்கரமும் கொண்ட பொறியிலும் கால் ஆற்றல் கொடுப்பது கீழே அழுத்தும்போது மட்டுமே. மேலே எழும் நேரத்தில் காலைத் தூக்கிவிடுவது சக்கரம். ஆகவே மனிதர் தரும் ஆற்றல் இரு பொறிகளிலும் விட்டுவிட்டுத்தான் வருகிறது. சக்கரம் அதைச் சேமித்து, சுற்று முழுவதும் பரப்புகிறது. கழிப் பொறி அதை வந்த கணத்திலேயே உளிவாயில் செலவழிக்கிறது. வெட்டும் நேரம் பாதியாவது உண்மை. அந்தப் பாதியில் வெட்டின் வலிமை அதற்கேற்பக் கூடுவதும் உண்மை. முதலாவதைச் சொன்னவர்கள் இரண்டாவதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எண்களை வைத்துப் பார்க்கலாம். மிதிக்கும்போது கயிறு 40 செ.மீ. இறங்குவதாகவும், கடைவது 4 செ.மீ. விட்டமுள்ள நாற்காலிக் கால் என்றும் கொள்வோம். கயிறு நேரே அந்தக் காலைச் சுற்றியிருப்பதால் ஒரு மிதிக்கு மூன்று சுற்றுக்குச் சற்றுமேல் கிடைக்கும். அரை நொடியில் மிதி இறங்கினால், அந்தக் கணத்தில் மரம் சுழலும் வேகம் நிமிடத்துக்கு 380 சுற்றுகள் அளவில் இருக்கும். பச்சை மரத்தைச் சுருள் சுருளாகச் சீவ இது தாராளம். கிண்ணமானால் கணக்கு மாறும். அங்கே கயிறு சுற்றுவது கிண்ணக் கட்டையோடு பொருத்திய தனி உருளையின்மேல். உருளை 5 செ.மீ., கிண்ணம் 20 செ.மீ. என்றால், விளிம்பின் வேகம் கயிற்றின் வேகத்தைப்போல் நான்கு மடங்கு. அங்கே கிடைக்கும் விசையோ நான்கில் ஒன்று. 20 கிலோ எடைக்கு நிகராக மிதித்தால் விளிம்பில் 5 கிலோதான் மிஞ்சும். எனவே கடைபவர் விளிம்பில் மெல்லிய சீவலும், நடுவை நெருங்க நெருங்கத் தடித்த சீவலும் எடுப்பார். யாரும் அவருக்கு இதைச் சூத்திரமாகச் சொல்லித் தரவில்லை. கால் சொல்லித் தருகிறது.

உண்மையான இழப்பு ஒன்று உண்டு. அது நூல்கள் சொல்லும் இடத்தில் இல்லை. மிதிக்கும் ஆற்றலில் ஒரு பங்கு கழியை வளைக்கப் போகிறது. அது திரும்பி வந்தாலும் மிதியைத் தூக்க மட்டுமே பயன்படுகிறது. கழி விறைப்பாக இருந்தால் கடைபவர் மரத்தோடு போராடுவதைவிடக் கழியோடுதான் அதிகம் போராடுவார். மிதியையும் கயிற்றையும் உயர்த்தப் போதுமான அளவுக்கு மட்டும் வலுவுள்ள, நீளமான, மெல்லிய கழியே நல்ல கழி. இன்று இங்கிலாந்தில் இப்பொறியை மீண்டும் கட்டிக்கொள்பவர்களில் பலர் கழிக்குப் பதில் ரப்பர் வடம் கட்டுகிறார்கள். அதற்கும் இதே விதிதான்: இழுவை மிகுந்தால் முழங்கால் அதற்கு விலை கொடுக்கும்.

காலுக்கு இந்தப் பொறி தரும் சுதந்திரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சக்கரம் தன் தாளத்தைக் காலின்மேல் திணிக்கும். கழிப் பொறியில் பாதி மிதிக்கலாம், கால்வாசி மிதிக்கலாம், நடுவில் நிறுத்தலாம். உளி மரத்தில் சிக்கிக்கொண்டால் மரம் அப்படியே நின்றுவிடும். பின்னாலிருந்து தள்ளும் சக்கரம் எதுவும் இல்லை. திரும்பு சுற்றில் கடைபவரின் கண்ணுக்கு வடிவத்தைப் பார்க்கவும் ஒரு கணம் கிடைக்கிறது.

அடுத்தது அச்சு. சக்கரப் பொறியில் சுழல்தண்டு ஒரு தாங்கியில் சுழல வேண்டும். தாங்கி தேய்ந்தால் அச்சு ஆடும். செய்த பொருள் கோணும். துல்லியமான தாங்கி செய்வது நெடுங்காலம் கடினமான வேலையாக இருந்தது. அசையாத இரு முனைகளுக்கிடையே சுழலும் மரத்துக்குத் தாங்கியே தேவையில்லை. அச்சு அந்த இரு புள்ளிகளுக்கிடையே செல்லும் நேர்கோடு. மரத்தைக் கழற்றி எடுத்து, நாள்கழித்து அதே குழிகளில் மாட்டினாலும் அச்சு மாறாது. பொறி முழுவதும் கோடரியால் செதுக்கிய முரட்டுக் கட்டையாக இருந்தாலும் அதில் கடைந்தது உருண்டையாகவே வரும். இதற்கு வலுவான சான்று மரத்தொழிலுக்கு வெளியே கிடைக்கிறது. கைக்கடிகாரத்தின் முள்தண்டை, மயிரளவு பிசகினாலும் ஓடாத அந்தத் தண்டை, ஐரோப்பியக் கடிகாரத் தொழிலாளர்கள் 20ஆம் நூற்றாண்டு வரையிலும்கூட அசையா முனைகளுக்கிடையே வைத்து, குதிரைமயிர் நாண் பூட்டிய சிறு வில்லால் சுழற்றியே கடைந்தார்கள். அவர்களுக்குச் சக்கரம் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரு முனைகளின் முத்திரை மண்ணிலும் பதிந்திருக்கிறது. முனைகளுக்கிடையே கிண்ணம் கடையும்போது நடுவில் ஒரு முளை வெட்டப்படாமல் நிற்கும். கடைசியில் அதை உடைத்தெடுப்பார்கள். இங்கிலாந்தின் யார்க் நகரில் காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் வைக்கிங் காலத்துக் கடைசல் கழிவுகளோடு இத்தகைய நடுமுளைகளும் கிடைத்தன. பொறி மக்கிப்போயிருந்தாலும், அது இயங்கிய விதத்தை அதன் கழிவே காட்டிக்கொடுக்கிறது.

லெய்லியின் திறமை இந்த நடுமுளையை ஒட்டியதுதான். நுனி கொக்கிபோல் வளைந்த, நீண்ட கைப்பிடியுள்ள உளிகளால் ஒரே எல்ம் மரக்கட்டைக்குள் அடுக்கடுக்காகக் கிண்ணங்களைக் கடைந்தெடுத்தார். பெரிய கிண்ணத்தின் வயிற்றிலிருந்து அடுத்தது, அதன் வயிற்றிலிருந்து அதற்கடுத்தது என்று வரும். உளி கட்டைக்குள் வளைந்து இறங்கும்போது வெட்டுவாய் கண்ணுக்குத் தெரியாது. நொடியில் நிறுத்தக்கூடிய பொறி இந்த வேலைக்கு எவ்வளவு தேவை என்பது இங்கே விளங்கும். எழுத்தாளர் எச். வி. மார்ட்டன் 1927இல் வெளியான தம் இங்கிலாந்துப் பயண நூலில் லெய்லியைப் பற்றி எழுதியிருக்கிறார். லெய்லிக்குப் பின் அத்தொழிலைத் தொடர யாரும் இல்லை. ஆனால் அவருடைய பொறியும் உளிகளும் ரெடிங் நகரிலுள்ள ஆங்கில ஊரக வாழ்வு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றைக் கூர்ந்து ஆராய்ந்தே ராபின் உட் என்ற கைவினைஞர் இந்த வித்தையை மீட்டெடுத்தார்.

வாதத்தின் மூன்றாம் கண்ணி பணியிடம். இதற்கு இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகளிலுள்ள பீச் காடுகளைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஹை விக்கம் நகரத்து நாற்காலித் தொழிலுக்குக் கால்களையும் குறுக்குக் கம்புகளையும் செய்துகொடுத்த கடைசல்காரர்கள் ஊரில் பட்டறை வைத்துக்கொண்டு மரத்தை வரவழைக்கவில்லை. காட்டில் நிற்கும் மரங்களை விலைபேசி வாங்கி, அங்கேயே குடிசை போட்டு, அங்கேயே பொறியை நாட்டினார்கள். மரத்தை வெட்டித் துண்டாக்கி, ஆப்பால் நாரோட்டத்தோடு பிளந்து, கோடரியாலும் இழுப்புக் கத்தியாலும் உருட்டி, ஈரம் காயுமுன் கடைந்தார்கள். பச்சை மரத்தின் எடையில் பெரும்பங்கு நீர்; பிளக்கும்போதும் சீவும்போதும் மேலும் பெரும்பங்கு கழிவாகிவிடுகிறது. முழு மரத்தை வண்டியேற்றுவதற்குப் பதில், கடைந்து அடுக்கி உலரவிட்ட கால்களை ஏற்றினால் சுமை எத்தனையில் ஒன்றாகிறது! பாரச்சக்கரத்தைக் காட்டுக்குள் இழுத்துப்போவது இந்தக் கணக்கையே குலைத்துவிடும். கழிப் பொறியில் கடைசல்காரர் சுமந்துபோக வேண்டியவை இரும்பு முனைகள், கயிறு, உளிகள். மற்றதைக் காடே தரும்.

இவர்களைத் தொழில்மயத்துக்கு முந்தைய எச்சமாகக் காட்டும் எழுத்துகள் நிறைய உண்டு. அதை ஏற்க முடியாது. 1875 வாக்கில் ஹை விக்கத்தில் நாளொன்றுக்கு 4,700 நாற்காலிகள் செய்யப்பட்டதாக ஒரு மதிப்பீடு உண்டு. அந்தப் பேரளவு உற்பத்திக்குக் கால்கள் தந்தவர்களில் காட்டுக் கடைசல்காரர்களும் அடக்கம். நீராவிக் காலத்துத் தொழிற்சாலை கழிப் பொறியோடு போட்டியிட்டு வென்றது என்பதைவிட, நெடுநாள் அதைச் சார்ந்தே வளர்ந்தது என்பதுதான் பொருந்தும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இவர்கள் மறைந்தபோது அவர்களை வீழ்த்தியது மிதிச் சக்கரம் அன்று. விசையால் ஓடும் தொழிற்சாலைப் பொறி.

இருதிசைப் பொறியின் இன்னொரு வடிவமான வில் பொறியிலும் இதே பொருத்தத்தைக் காணலாம். கெய்ரோவிலும் இந்தியாவிலும் கடைசல்காரர் தரையில் உட்கார்ந்து வேலை செய்தார். வலக்கையில் வில், இடக்கையில் உளி, உளியின் முனையைத் தாங்கி வழிநடத்துவது கால்விரல். நின்று மிதிப்பவரின் கால் செய்வதைவிட வில் பிடித்த கையின் வலு குறைவு. ஆகவே பெரிய கிண்ணத்துக்கு இது ஏற்றதாகாது. சிறு பொருளுக்கு இதைவிட நுணுக்கமான கட்டுப்பாடு வேறில்லை. கெய்ரோவின் மஷ்ரபிய்யா சாளரத் தட்டிகள் ஆயிரக்கணக்கான சிறு கடைசல் துண்டுகளைக் கோத்துச் செய்தவை. பெரிய மரம் அரிதான, வறண்ட காற்றில் அகலப் பலகை பிளந்துபோகும் நாட்டில், வில் பொறியின் அளவும் அந்தக் கலையின் அளவும் ஒன்றாகவே அமைந்தன.

இந்தியக் கடைசலில் ‘பாதி வீண்’ என்ற கணக்கு இன்னோர் இடத்திலும் உடைகிறது. அரக்கு வேலை அது. கர்நாடகத்தின் சென்னபட்டணம், ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்கா ஆகிய ஊர்களின் பொம்மைகளுக்கும், நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களுக்கும் நிறம் தருவது அரக்கு. கடைந்து முடித்த மரம் சுழல, நிறமேற்றிய அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பிடிக்கிறது. பிறகு தாழை மடலை வைத்து அழுத்தினால் அது சமமாகப் பரவி மினுங்கும். அரக்குக் குச்சிக்கு வெட்டுவாய் கிடையாது. மரம் எத்திசையில் சுழன்றாலும் உராய்வு உராய்வுதான். மடலுக்கும் அப்படியே. வெட்டும் வேலையில் ஓய்வாக இருந்த திரும்பு சுற்று, அரக்கு வேலையில் முழு உழைப்பாகிவிடுகிறது. சென்னபட்டணத்தில் கடையும் வெட்பாலை மரமும் அம்பாசமுத்திரத்தில் கடையும் மஞ்சக்கடம்பும் எளிதில் கடையவரும் மரங்கள். வில்லின் வலுவுக்கு அவை தோதானவை.

இந்த வாதத்துக்கு எல்லை உண்டு. உலோகத்தை ஆழமாகக் கடைய இருதிசை ஓட்டம் போதாது. ஆங்கிலேயப் பொறியாளர் ஹென்றி மாட்ஸ்லே 1800-ஐ ஒட்டிச் செம்மைப்படுத்திய, உளியைச் சறுக்குமேடையில் பூட்டி மறை வெட்டும் பொறிக்கு ஒரே சீரான, தொடர்ந்த சுழற்சி வேண்டும். அங்கே உளி கையில் இல்லை. மயிரிழை பின்வாங்க ஆளில்லை. கனத்த தூண்களைக் கடைய ஐரோப்பியப் பட்டறைகள் பெரிய சக்கரத்தை நாடியதும் நியாயமே. ஆனால் அந்தச் சக்கரத்தைச் சுற்ற இன்னோர் ஆள் வேண்டும், அவருக்குக் கூலியும் வேண்டும் என்பதைப் பொறிகளின் ‘முன்னேற்ற’ வரிசை எழுதுபவர்கள் குறிப்பிடுவதேயில்லை.

நம் ஊர்க் கடைசல் பட்டறைகளில் மோட்டார் வந்து வெகுகாலமாயிற்று. அதில் குறைசொல்ல ஏதுமில்லை. தோளும் முழங்காலும் தேய்ந்தவர்களுக்கு அது நிம்மதி. என் கவலை ஆவணப்படுத்துவது பற்றியது. பழைய கைப்பொறி ஒன்று கிடைத்தால் அதன் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, ‘பழங்காலக் கடைசல் கருவி’ என்று சீட்டு ஒட்டிவிடுகிறோம். வில்லின் வீச்சு எத்தனை சாண், நாண் எதனால் திரித்தது, உருளையை எத்தனை சுற்றுச் சுற்றியது, உளியைத் தாங்கியது எந்தக் கால்விரல், முனைக்குழியில் தடவியது எண்ணெயா கொழுப்பா, அரக்கு வைக்கும்போது வில்லின் வேகத்தைக் கூட்டினார்களா குறைத்தார்களா என்பவற்றைப் பொறியின் உடலிலிருந்து படிக்க முடியாது. இளமையில் வில் பிடித்துப் பிறகு மோட்டாருக்கு மாறிய முதியவர்களைத் தேடிப்போய், வில்லைக் கையில் கொடுத்து, ஒரு சொப்பையாவது கடையச் சொல்லிப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியவை அவை.