அறுந்த கம்பியை முறுக்கின காலம்

முதல்லயே ஒரு டிஸ்கி: இது புகை பிடிக்கச் சொல்ற பதிவு இல்லை. இந்தியாவில் 2019லயே இ-சிகரெட் தயாரிப்பு, விற்பனை எல்லாத்துக்கும் தடை போட்டாச்சு. நானும் அதைத் தொட்டதில்லை. எனக்குப் பிடிச்சது அதுக்குள்ள இருக்கிற கம்பியின் கதை மட்டும்தான் :-)

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். சின்ன வயசுல எங்க வீட்டுல ஒரு சுருள் அடுப்பு இருந்துச்சு. கம்பி அறுந்துட்டா அப்பா ரெண்டு முனையையும் இழுத்து முறுக்கி விடுவார். அடுத்த பொங்கல் வரை ஓடும். அது நிக்ரோம் கம்பி. ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906ல் காப்புரிமை வாங்கின நிக்கல்-குரோமியம் கலவை. அதே வகைக் கம்பிதான் பின்னாடி இ-சிகரெட்டுக்குள்ளயும் போய் உட்கார்ந்துச்சு.

ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கர் 1963லயே புகையில்லாத சிகரெட்டுக்கு விண்ணப்பிச்சு, 1965ல் காப்புரிமையும் வாங்கிட்டார். ஆனா சந்தைக்கு வரலை. 2003ல் சீன மருந்தாளுநர் ஹோன் லிக் கொண்டு வந்ததுதான் நிலைச்சுது. அவர் முதல்ல திரவத்தை ஆவியாக்க மீயொலி அதிர்வைத்தான் நம்பினார். கடைசியில ஜெயிச்சது என்னவோ நம்ம சூடான கம்பிச் சுருள்!

அப்புறம் வந்தாங்க மேற்கத்திய 'நோண்டி' ஆசாமிங்க. இனிப்புத் திரவம் கம்பியில கருகி ஒட்டிக்கும், பஞ்சு தீஞ்சு வாடை வரும். இவங்க அதைத் தூக்கிப் போடலை. பஞ்சை உருவிட்டு, வெறும் கம்பியைச் சிவக்கச் சூடாக்கி, ஆறினதும் பிரஷால தேய்ச்சுக் கழுவி, புதுப் பஞ்சு கோத்துடுவாங்க. கம்பியே போச்சுன்னா, புதுசை ஒரு ஸ்க்ரூடிரைவர் மேல சுத்தினா சுருள் ரெடி. இதுக்குத் துணையா நின்னது '510' என்ற மரை. ஒரு கம்பெனி பேட்டரியில இன்னொரு கம்பெனி டேங்க்கை மாட்டலாம்.

2015ல் ஜூல் வந்துச்சு. திரவம் தீர்ந்தா குப்பியோட சேர்த்துச் சுருளும் குப்பைக்கு. அடுத்து வந்த 'ஒருமுறை' ரகத்துல பேட்டரியும் சேர்த்து குப்பைக்கு! பிரிட்டனில் 2023ல் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 50 லட்சம் இப்படிப் போச்சாம். அதே வருஷம் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் அந்த பேட்டரிகளைப் பிரிச்சு சோதிச்சாங்க. ஒரு ரகத்தை 700 தடவைக்கு மேல சார்ஜ் பண்ணியும் 90 சதவீதத் திறன் மிச்சம் இருந்துச்சு. நூத்துக்கணக்கான தடவை உழைக்க வேண்டியதை ஒரே தடவையில தூக்கி எறிஞ்சிருக்கோம். அதுல இருக்கிற லித்தியத்தை எங்கேயோ ஒரு ஊர் மண்ணையும் தண்ணியையும் கெடுத்துத்தான் எடுக்கிறாங்க.

2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் இந்த ரகத்தைத் தடை பண்ணிடுச்சு. இனிமே விற்கிறதுல திரவம் நிரப்ப முடியணும், சார்ஜ் ஏத்த முடியணும், சுருளையும் மாத்த முடியணும். நோண்டி ஆசாமிங்க சும்மா செஞ்சுட்டிருந்ததைச் சொல்றதுக்குக் கடைசியில ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கு.

அப்பா இருந்திருந்தா, "இதுக்கெல்லாமாடா சட்டம்?"னு கேட்டிருப்பார்.