காது குத்திய பிறகு

காது குத்துவதைப் பற்றி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருடத்துக்கு நான்கு முறையாவது ஒரே செய்தி சுற்றி வரும். காது மடலில் மூளையோடு இணைந்த ஒரு புள்ளி இருக்கிறது, அதைத் துளைத்தால் நினைவாற்றல் கூடும், கண் பார்வை தெளியும், நம் முன்னோர்கள் இதையெல்லாம் அன்றே அறிந்திருந்தார்கள் என்று போகும் அது. கீழே கூப்பிய கைகள் வரிசையாக விழும். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்ததும் அந்தச் செய்தியின் வரத்து கூடிவிட்டது. நான் தாய்மாமன், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளப் போகிறவன். "தம்பி, நீதான் எதுக்கெடுத்தாலும் தேடிப் படிப்பியே, இதையும் படிச்சுட்டுச் சொல்லு" என்றாள் அக்கா. நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவன். மருத்துவமும் தெரியாது, சமஸ்கிருதமும் தெரியாது. மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். தேடிப்போனது காது குத்துவதன் வரலாற்றை. கிடைத்ததில் பெரும்பகுதி, குத்திய பிறகு என்ன செய்வது என்பதன் வரலாறு.

வாட்ஸ்அப் செய்தி சாட்சிக்கு இழுக்கும் நூல் சுஸ்ருத சம்ஹிதை. பல கைகள் பல நூற்றாண்டுகளில் சேர்த்து உருவான நூல் அது. நேபாளத்தில் இருக்கும் அதன் பழைய சுவடி ஒன்று கி.பி. 878-இல் எழுதப்பட்டது. சூத்திரஸ்தானத்தின் 16-ஆம் அத்தியாயம் பெரும்பாலும் காதைப் பற்றியது. குழந்தைக்கு ஏன் காது குத்த வேண்டும் என்பதற்கு அங்கே இருக்கும் காரணங்கள் இரண்டே இரண்டு: காப்பு, அணி. நினைவாற்றல், கண் பார்வை என்ற பேச்சே இல்லை. சிகிச்சை பற்றிய பகுதியில், குடலிறக்க வீக்கத்துக்குக் காதோரத்தில் நாளத்தைத் துளைக்கச் சொல்லும் ஓர் இடம் உண்டு. அது நோய் வந்தவருக்கான வைத்தியம், குழந்தைக்குச் செய்யும் சடங்கு அல்ல.

ஆனால் அந்த அத்தியாயத்தை அதோடு மூடி வைத்திருந்தால் நல்ல சரக்கை இழந்திருப்பேன். ஆறாவது அல்லது ஏழாவது மாதம். வளர்ப்புத்தாயின் மடியில் குழந்தையை உட்காரவைத்து விளையாட்டுப் பொருள் காட்டிச் சமாதானப்படுத்த வேண்டும். வைத்தியர் இடது கையால் மடலை இழுத்துப் பிடித்து வெயிலுக்கு எதிரே பார்க்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவித் தெரியும் இடம்தான் துளைக்க வேண்டிய இடம். மெல்லிய மடலுக்கு ஊசி, தடித்த மடலுக்குக் குத்தூசி. ஆண் குழந்தைக்கு வலது காது முதலில், பெண்ணுக்கு இடது காது. பிறகு எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியைத் துளையில் செலுத்தி, மூன்று நாளைக்கு ஒருமுறை அதை மாற்றி, ஒவ்வொரு முறையும் சற்றுத் தடித்த திரி வைக்க வேண்டும். இரத்தம் அதிகம் வந்தாலோ வலி அதிகம் இருந்தாலோ இடம் தப்பிவிட்டது என்று அர்த்தம்.

தப்பினால் என்ன ஆகும் என்றும் எழுதியிருக்கிறார்கள். காய்ச்சல், எரிச்சல், வீக்கம், கட்டி. ஒரு நாளத்தின் பெயர் லோகிதிகா. அதில் ஊசி பட்டால் கழுத்து விறைக்கும், உடம்பு இழுத்துக்கொள்ளும், தலை பிடித்துக்கொள்ளும் என்கிறது நூல். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் குளிர்ந்துபோயிற்று. கழுத்து விறைப்பும் இழுப்பும் டெட்டனஸை, நம் ஆட்கள் ஜன்னி என்றும் இழுப்பு என்றும் பல நோய்களோடு சேர்த்துச் சொன்ன அந்த நோயை நினைவுபடுத்துபவை. எழுதியவர் அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். குற்றத்தை அவர் நாளத்தின் மேல் போட்டார். மண்ணிலும் சாணத்திலும் காத்துக் கிடக்கும் கிருமி அது என்று தெரியவர 19-ஆம் நூற்றாண்டு ஆயிற்று. கிட்டசாட்டோ 1889-இல்தான் அந்தக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். பார்த்தது சரி, காரணம் தவறு. முன்னோர்களைப் பற்றி நேர்மையாகப் பேசவேண்டுமென்றால் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் அவர் சரியாகப் பார்த்திருக்கிறார். புண்ணாவதற்கான காரணங்களில் வளைந்த ஊசி, மோசமான ஊசி, தவறான இடம் ஆகியவற்றோடு, திரியை அளவுக்கு மீறி இறுக்கமாகச் செலுத்துவதையும் சேர்க்கிறார். புண்ணானால் திரியை எடுத்துவிட்டு, அதிமதுரம், ஆமணக்கு வேர், மஞ்சிட்டி, யவம், எள் ஆகியவற்றை அரைத்துத் தேனும் நெய்யும் சேர்த்துப் பூசி, நன்றாக ஆறிய பிறகுதான் மறுபடி குத்த வேண்டும்.

தமிழில் இந்தக் கதை வேறு வகையில் தொடர்கிறது. தமிழ்நாட்டு அகழாய்வுகளில் கிடைக்கும் சுடுமண் காதணிகள் பல, ஓரத்தில் பள்ளம் வைத்த வட்டுகள். இன்றைய தோடு போடும் துளையில் அவை நுழையவே நுழையா. மடலை விரித்து வளர்த்தவர்களின் அணிகள் அவை. சங்கப் பாடல்களில் குழை என்பது சர்வசாதாரணமான சொல். சம்பந்தரின் முதல் பதிகமே சிவனின் காதுத் தோட்டில்தான் தொடங்குகிறது. தென்திருப்பேரைப் பெருமாளின் பெயரே மகரநெடுங்குழைக்காதன். குதம்பைச் சித்தருக்கு அந்தப் பெயர் வந்ததும் ஒரு காதணியால்தான். தென்மாவட்டங்களில் பாம்படமும் தண்டட்டியும் போட்ட பெண்களை அண்மைக்காலம் வரை பார்க்க முடிந்தது.

வடிகாது ஒரே நாளில் வருவதல்ல. நூல், பஞ்சு, ஓலைச்சுருள், அதற்குப் பிறகு குணுக்கு என்னும் ஈயக் கனம். ஒவ்வொரு படியிலும் மடல் கிழியாமல் இருக்கிறதா, சீழ் வைக்கிறதா என்று ஒருத்தி தினமும் பார்த்திருக்க வேண்டும். சுமையை மெதுவாகக் கூட்டினால் திசு இடம்கொடுக்கும், அவசரப்பட்டால் கிழியும். நாங்கள் ஆய்வகத்தில் இயந்திரம் வைத்துச் செய்கிற இழுவிசைச் சோதனையின் பாடத்தை அந்தப் பெண்கள் கைப்பழக்கத்தில் வைத்திருந்தார்கள். கிழிந்த மடலை ஒட்டவைக்க சுஸ்ருத நூல் 15 முறைகளைச் சொல்கிறது. ஒட்டறுவை மருத்துவத்தின் வரலாற்றில் அந்த அத்தியாயத்துக்கு இடம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் காதுகள் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தன. 1900-களின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் விற்ற அஞ்சலட்டைகளில் தமிழ்ப் பெண்களைப் பார்க்கலாம். மூக்கிலும் காதிலும் நகை. கீழே 'கிளிங் பெண்' என்று ஒரு வரி. பெயர் இருக்காது. படம் எடுத்தவருக்கு நகை முக்கியம். அந்தக் காதை யார் குத்தினார்கள், எத்தனை நாள் பார்த்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அட்டையில் வராத சங்கதி.

அதற்கு நான் பாட்டியிடம்தான் போக வேண்டியிருந்தது. பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அம்மாவுக்குத் தோளைத் தொடும் காது, அதில் தண்டட்டி. ஜப்பான்காரன் காலத்தில் அது அரிசியாக மாறிவிட்டது. வெறும் மடல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்ததாம். சண்டை முடிந்து சில வருடம் கழித்து, கோயில் திருவிழாவில் இளம்பெண்கள் சிரித்தார்கள் என்று, மடலை அறுத்துத் தைத்துக்கொண்டார். "அம்மா கண்ணாடியே பாக்கல, பத்து நாளு" என்றார் பாட்டி. தண்டட்டி போனதற்கு அழாதவர், மடல் போனதற்கு அழுதாராம்.

பாட்டியின் தலைமுறைக்குச் சின்னத் துளைதான். ஆசாரி வந்து குத்துவார், மாமன் மடி, வெல்லம் கலந்த அரிசி, அவ்வளவுதான். "குத்துறது ஒரு நிமிசம்யா. அப்புறம் நாப்பது நாளு பாக்கணும்ல, அதுதான் வேல" என்றார். அந்த நாற்பது நாளும் பார்த்தது யார் என்று கேட்டேன். அம்மா விடியும் முன்பே பெரட்டுக்குப் போய்விடுவார், பிறகு பால்மரம். குழந்தைகள் ஆயாக்கொட்டாயில். வரிசையாகக் கட்டிய தொட்டில்களுக்கு நடுவே, ஒவ்வொரு குழந்தையின் காதுக்குப் பின்னாலும் விரல் வைத்துப் பார்த்தது ஆயாதான். தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் அவர் கையிருப்பு. சீழ் வைத்தால் டிரெஸரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அவர்தான். நகை அடகுக்குப் போனால் துளை தூர்ந்துவிடக் கூடாது என்று வேப்பங்குச்சியைச் சீவிச் செருகி வைப்பார்கள். நகை திரும்பி வரும்வரை குச்சி காத்திருக்கும். சில வீடுகளில் நகை திரும்பவே இல்லை, குச்சியே தோடானது.

இது நமக்கு மட்டும் சொந்தமான கதையும் இல்லை. வால்டர் ஸ்கீட் 1900-இல் வெளியிட்ட 'மலாய் மேஜிக்' நூலில் மலாய்ச் சடங்குகளுக்கு நடுவே காது குத்துவதும் இருக்கிறது. மலாய்க்காரர்களிடம் அதற்கு 'பெர்திண்டிக்' என்று பெயர். 'சுபாங்' என்னும் காதணி, மணமாகாத பெண்ணின் அடையாளமாக இருந்திருக்கிறது. சரவாக்கின் காயான், கென்யா, கெலாபிட் மக்கள் பித்தளைக் கனம் தொங்கவிட்டு மடலை வளர்த்தவர்கள். 20-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவமும் பள்ளிக்கூடமும் நகர வேலையும் வந்த பிறகு அங்கும் பலர் மடலை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். என் கொள்ளுப்பாட்டியின் பத்து நாள் அங்கேயும் யாரோ ஒருத்திக்கு இருந்திருக்கும்.

இன்றைக்கு வருவோம். பேரங்காடிகளில் துப்பாக்கி போன்ற கருவி இருக்கிறது. அதில் ஸ்பிரிங் விசை தோட்டின் தண்டையே சதைக்குள் தள்ளுகிறது. உள்ளீடற்ற ஊசி சதையை வெட்டி வழி செய்கிறது. ஊசியளவு கூர்மை இல்லாத தண்டு சதையை நசுக்கி வழி செய்கிறது. பிளாஸ்டிக் உடம்புள்ள கருவியை ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைக்க முடியாது. இப்போது ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உறைகள் வந்துவிட்டன என்றாலும், 1994-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தொழில்முறைத் துளையிடுவோர் சங்கம் துப்பாக்கியை இன்றும் ஏற்பதில்லை. பின்னால் மாட்டும் வண்ணத்துப்பூச்சித் திருகு இன்னொரு தொல்லை. கசிவு அதில் சேரும். காது வீங்கும்போது அது விட்டுக்கொடுக்காது, தோடு சதைக்குள் புதையும். திரி இறுக்கமாக இருக்கக் கூடாது என்ற பழைய எச்சரிக்கை இங்கே அப்படியே பொருந்துகிறது.

பாட்டி "தங்கம்தான் போடணும்" என்று பிடிவாதமாகச் சொல்வதை நான் வெறும் ஆடம்பரம் என்று நினைப்பதில்லை. ஆறாத துளை என்பது உப்பு நீரில் ஊறும் உலோகம். மலிவான தோட்டிலிருந்து நிக்கல் அயனிகள் கரைந்து வரும். ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் நிக்கலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2004-இல் திருத்திய விதிப்படி, துளையில் நுழையும் பாகம் சதுர செண்டிமீட்டருக்கு வாரம் 0.2 மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே நிக்கலை வெளியிடலாம். நம்மூர் 916 தங்கத்தில் 91.6 விழுக்காடு தங்கம், மீதி பெரும்பாலும் வெள்ளியும் செம்பும். தங்கம் கட்டுப்படியாகாதவர்களுக்கு, உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியம் நல்ல மாற்று.

சுத்தம் செய்வதில்தான் பழையதும் புதியதும் அதிகம் மோதுகின்றன. கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான உப்பு நீரால் முன்னும் பின்னும் ஒற்றி, உலரவிட வேண்டும். தோட்டை ஆறு வாரமாவது கழற்றக் கூடாது. ஆறு வாரம் என்பது 42 நாள், பாட்டியின் கணக்குக்கு இரண்டு நாள்தான் கூட. எண்ணெய், மஞ்சள், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். தோட்டைத் திருகிக்கொண்டே இருந்தால் புதிதாக வளரும் தோல் கிழியும் என்பதால் அதையும் இப்போது பலர் வேண்டாம் என்கிறார்கள். சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். மருந்துப் புட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2000-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், காதின் மேல் குருத்தெலும்பில் துளையிட்டுக்கொண்ட பலருக்குத் தொற்று வந்தது. கிருமி இருந்த இடங்களில் ஒன்று கிருமிநாசினி தெளிக்கும் புட்டி. ஆயாவின் எண்ணெய்ப் புட்டியை மட்டும் பழிப்பது நியாயமில்லை.

அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரு பக்கம். மலேசியத் தடுப்பூசி அட்டவணையில் டெட்டனஸுக்கு எதிரான முதல் மூன்று ஊசிகள் 2, 3, 5 மாதங்களில் வருகின்றன. ஆறாம், ஏழாம் மாதம் என்ற பழைய கணக்கு அதற்குப் பிறகு விழுகிறது. இது தற்செயல். தடுப்பூசியை முன்னோர் அறிந்திருந்தார்கள் என்று யாரும் இதை வைத்து இன்னொரு செய்தி கிளப்ப வேண்டாம். தற்செயலாக இருந்தாலும் நமக்கு வசதிதான். "அவ வளந்து அவளே கேக்கட்டுமே, யாரு காது?" என்று ஒருநாள் அக்கா கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பழைய நூல்களில் பதில் இல்லை, ஏனென்றால் அங்கே அந்தக் கேள்வியே இல்லை. மச்சானும் அம்மாவும் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். கடைசியில் ஐந்தாம் மாத ஊசிக்குப் பிறகு, கிளினிக்கில், ஊசியால், என் மடியில் என்று முடிவானது. அக்காவைப் பொறுத்தவரை அது அரைமனச் சம்மதம்தான்.

அதற்குப் பிறகு அவள் கேட்டதுதான் உண்மையான சிக்கல். பேறுகால விடுப்பு முடிந்துவிடும். குழந்தை காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு வரை பராமரிப்பு மையத்தில். நாற்பது நாளும் பகலில் காதைப் பார்க்கப்போவது அங்கே வேலை செய்யும் ஓர் இளம்பெண். அவளுக்கு எட்டுக் குழந்தைகள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் சங்கடமாக இருக்கும். நாம் பெருமையோடு பகிரும் செய்திகளில் முனிவர்கள் இருக்கிறார்கள், அஞ்சலட்டைகளில் நகைகள் இருக்கின்றன. காதுக்குப் பின்னால் விரல் வைத்துப் பார்த்தவர்களைப் பற்றி எழுதிவைத்ததாக நான் தேடியவரை எதுவும் கிடைக்கவில்லை. பாட்டிக்கு அந்த ஆயாவின் முகம் நினைவிருக்கிறது. பெயர் கேட்டேன். "ஆயான்னுதான் கூப்புடுவோம்" என்றார்.

பராமரிப்பு மையத்துப் பெண்ணின் பெயரைக் கேட்டு, செய்ய வேண்டியவற்றை எழுதிய தாளின் தலைப்பில் அதை எழுதச் சொல்லியிருக்கிறேன்.