சோனம் முகாமும் காசிமேட்டு ஐஸும்

காசிமேட்டுல ஐஸ்னா மீன் கெடாம வைக்கிற சரக்கு. பனின்னா மார்கழிப் பனி, அவ்வளவுதான். அது ஆளை விழுங்கும் என்று எனக்குப் புரிந்தது 2016 பிப்ரவரியில்.

அம்மாதம் 3ஆம் தேதி சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் முகாம் மேல் பனிச்சுவர் சரிந்தது. உள்ளே 19ஆம் மதராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர். அதில் நால்வர் நம்மாட்கள்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள். 1984இல் ராணுவம் அங்கே ஏறியதிலிருந்து குண்டுபட்டுச் செத்தவர்களைவிடக் குளிரும் சரிவும் கொன்றவர்களே அதிகம். எதிரி யாருன்னே சந்தேகம் வருது.

டிவி பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, ஐஸ் பார் உடைக்கிறவர், ஒன்றுதான் கேட்டார்: "இருபத்தஞ்சு அடிய எதுலடா உடைக்கிறாங்க?"

சரியான கேள்வி. ஓடி வரும்போது பொடியாக இருக்கும் பனி, நின்றதும் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். மண்வெட்டி இறங்காது. பாறை துளைக்கும் கருவிகளை ஹெலிகாப்டரில் ஏற்றிப்போனார்கள். எங்கே தோண்டுவதென்று மோப்பம் பிடித்தவை டாட், மிஷா என்ற இரண்டு நாய்கள்.

ஆறாம் நாள் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு கிடைத்தார். சித்தப்பா அன்றைக்குக் கடையில் எல்லாருக்கும் டீ சொன்னார்.

11ஆம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் ஹனுமந்தப்பா இறந்துபோனார்.